முதியோர் இல்லம்: சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

சங்கத்துக்கு வரும் அன்பர்கள் முன்பெல்லாம் என்னிடம் ரயில் ரிசர்வேஷன் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது கேட்பது வேறு. "அம்மாவுக்கு எண்பத்து மூன்று ஆகிறது, நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், நீங்கள் பார்த்த இல்லங்களில் எது சார் தேவலை?" என்கிறார்கள். என் சித்திக்காக இங்கே நாக்பூரில் நான்கும், கோவைப் பக்கம் மூன்றுமாக ஏழு இல்லங்களை நான் ஏறி இறங்கிய செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்றார் ஆசிரியர். நான் டாக்டர் இல்லை. டிப்ளமா முடித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தவன். ஆனால் ஓரிடத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறதா, அல்லது நடப்பது போல் காட்டப்படுகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் அத்தனை வருஷமும் நான் பார்த்த உத்தியோகம்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் அங்கே ஒவ்வொரு இல்லத்துக்கும் அரசாங்கமே நட்சத்திரம் கொடுக்கிறது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். 2008 முதல் ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை போட்டு வருகிறார்கள். நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்று மாநில அரசுகளுக்குச் சொல்கிறது. அது ஆதரவற்ற ஏழை முதியோருக்காக. மாதா மாதம் பணம் கட்டிச் சேர்க்கும் தனியார் இல்லங்களை நாம்தான் இன்ஸ்பெக்ஷன் செய்தாக வேண்டும்.

காலை பதினோரு மணிக்கு, போன் செய்துவிட்டுப் போனால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். தரை துடைத்திருக்கும், மேனேஜர் டீ கொடுப்பார். முதல் முறை அப்படிப் போங்கள், தவறில்லை. இரண்டாம் முறை ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போங்கள். ரயில்வேயில் நைட் இன்ஸ்பெக்ஷன் என்று ஒன்று எதற்காக வைத்திருக்கிறார்கள்? பகலில் கேட்மேன் விழித்திருப்பது அதிசயமில்லை. இல்லத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: "ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே விழித்திருப்பவர்கள் எத்தனை பேர்?" ஓரிடத்தில் "எங்களுக்கு இருபத்து நாலு மணி நேரமும் ஸ்டாஃப் உண்டு" என்றார்கள். நான் திரும்ப அதையே கேட்டேன். முப்பத்திரண்டு பேருக்கு ஒரே ஆயா, அதுவும் கீழ்த்தளத்தில் படுத்திருப்பார் என்று தெரிந்தது. மாடியில் ஒருவர் விழுந்தால் விடிந்துதான் தெரியும்.

அடுத்தது படுக்கைப் புண். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் தகப்பனாரைக் காய்ச்சல் என்று இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோதுதான், முதுகின் அடியில் உள்ளங்கை அளவுக்குப் புண் இருந்தது வீட்டாருக்குத் தெரிய வந்தது. வாரம் தவறாமல் போய்ப் பார்த்த குடும்பம் அது. அவர் எப்போதும் போர்வை போர்த்தி மல்லாந்தே படுத்திருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. உடம்பின் எடை ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோலும் சதையும் செத்துப் போகின்றன. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை, அதாவது எலும்புக்கு மேல் சதை குறைவாக உள்ள இடங்களில் இது வரும். முதல் அடையாளம் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் நல்ல தோல் வெளுத்து மீண்டும் சிவக்கும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் கெடுதல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கன்றிய நிறமாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தானே புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது நடைமுறை. காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் புரட்டுவதற்கு அது பதில் ஆகாது. நல்ல இல்லத்தில் இதற்கென்று ஒரு சார்ட் கட்டிலருகே தொங்கும். அதை வாங்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் எங்கள் பேட்ரோல்மேன் ராத்திரி லைனில் நடந்து போய், அடுத்த பீட்காரரைச் சந்தித்து, புத்தகத்தை மாற்றிக் கொண்டு திரும்ப வேண்டும். நடந்தவனின் புத்தகத்துக்கும், குடிசையில் உட்கார்ந்தபடி எழுதியவனின் புத்தகத்துக்கும் வித்தியாசம் பார்த்தவுடன் தெரியும். மனிதன் நிஜமாகச் செய்த வேலை 2.10, 4.25, 6.05 என்றுதான் வரும். 2, 4, 6, 8 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், மறுநாளைக்கும் சேர்த்து எழுதியிருந்த ஒரு சார்ட்டை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்!

எடை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். மாதம் ஒரு தரம் எடை போட்டு எழுதி வைக்காத இல்லத்தில், சாப்பிடாதவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால், ஐம்பது கிலோ இருந்தவர் இரண்டரை கிலோ இழந்தால், அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். சமையலறையை எட்டிப் பார்ப்பதை விடச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கவனிப்பது மேல். தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா, ஊட்டி முடித்துவிட்டுப் போகிறார்களா? தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. யாராவது கொடுத்தால்தான் குடிப்பார்கள்.

எல்லாரும் அமைதியாகத் தூங்கிக் கொண்டிருக்கும் இல்லத்தைப் பார்த்து மகிழ்ந்து போகாதீர்கள். பகல் பதினோரு மணிக்குப் பத்துப் பேரில் எட்டுப் பேர் தூங்கினால், அது அமைதியா மாத்திரையா என்று யோசிக்க வேண்டும். ஞாபக மறதி நோய் உள்ளவர்களை அடக்கி வைக்கச் சில மனநோய் மருந்துகளைக் கொடுப்பதுண்டு. அப்படிப்பட்ட முதியவர்களுக்கு இம்மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்திருக்கிறது. டாக்டர் பார்த்து, காரணம் எழுதிக் கொடுத்தால் அது வேறு. எந்த மாத்திரை, யார் எழுதியது, எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாற்காலியில் துப்பட்டாவால் கட்டி வைத்திருப்பதைக் கண்டால் வேறெதுவும் கேட்க வேண்டாம். திரும்பி வந்துவிடுங்கள்.

நான் போன இடத்திலெல்லாம் பையில் ஒரு டேப் இருந்தது. பழக்க தோஷம். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது ஓட வேண்டும். ஆறு அடியில் முடித்திருந்தால் அது சக்கர நாற்காலிக்கானதல்ல, போட்டோவுக்கானது. குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா என்று பாருங்கள். உள்ளே விழுந்தவர் கதவின் மீதே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. பிடிமானக் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். இரண்டு இடங்களில் அது என் கையோடு ஆடியது.

நாற்றம் விஷயத்தில் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். ஒரு மூலையில் சற்று முன் நேர்ந்த நாற்றம் குற்றமில்லை, மனிதர்கள் இருக்கும் இடம். சுவரிலும் மெத்தையிலும் ஊறிப் போன நாற்றம்தான் குற்றம். தலை வலிக்கும் அளவுக்கு ஃபினாயில் அடித்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

முன் வராந்தாவில் சிரித்துப் பேசும் பெரியவரை உங்களுக்கு அறிமுகம் செய்து வைப்பார்கள். அவரோடு பேசுங்கள், ஆனால் கடைசி அறையில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அவர் நகம் வெட்டியிருக்கிறதா, வாய் சுத்தமாக இருக்கிறதா, ஆயா உள்ளே வரும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. டெபாசிட் திரும்பி வருமா, எத்தனை நாளில்? படுக்கையில் விழுந்துவிட்டால் வைத்துக் கொள்வார்களா, அப்போது கட்டணம் என்ன? ராத்திரி எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் கூடப் போவார்கள்? இவற்றை எழுத்தில் வாங்குங்கள். புகார் இருந்து கேட்பாரில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

இனி நம்மைப் போல் வெளியூரில் குடியேறியவர்களுக்கே உரிய சிக்கல். என் சித்தி 1988-ல் எங்களோடு இங்கே வந்தவர். மார்க்கெட்டில் மராத்தியும், பக்கத்து வீட்டில் இந்தியும் பேசிக் கற்றுக் கொண்டவர், என்னை விட நன்றாகப் பேசுவார். எண்பதுக்கு மேல் மறதி வந்ததும் பின்னால் கற்ற மொழிகள் முதலில் போயின. இப்போது தமிழ் மட்டும்தான், அதுவும் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறுவயதுத் தமிழ். இந்நோயில் பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வீட்டில் வைத்துப் பார்க்க என் மனைவியின் முதுகு இடம் கொடுக்கவில்லை. "பேசாமல் கோயம்புத்தூரிலேயே சேர்த்துவிடு, தமிழாவது காதில் விழும்" என்றார்கள் உறவினர்கள். அங்கே பார்த்த மூன்றில் ஒன்று உண்மையிலேயே நல்ல இல்லம். காலை ஃபில்டர் காபி, கோயில் மணி எல்லாம் உண்டு. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் திடீரென்று போய் நிற்க அங்கே எனக்கு யாருமில்லை. யாரும் வந்து கேட்காத முதியவருக்குக் கடைசியாகத்தான் துணி மாற்றுவார்கள். இதை எந்த இல்லத்தின் குற்றமாகவும் சொல்லவில்லை, கைகள் குறைவாக உள்ள இடத்தில் மனித சுபாவம் அது. அதனால் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷத்தில் உள்ள இல்லத்தையே தேர்ந்தெடுத்தோம். போகும் நேரத்தை நான் ஒருபோதும் ஒரே மாதிரி வைத்துக் கொள்வதில்லை.

அங்குள்ள ஆயாக்களுக்குத் தமிழ் தெரியாது. வலியைச் சொல்ல முடியாதவரை முரடு பிடிக்கிறார் என்றுதான் எழுதி வைப்பார்கள். எனவே ஒரு வெள்ளை அட்டையில் 'வலிக்கறது', 'தண்ணி', 'ஒண்ணுக்கு', 'குளிர்றது', 'போதும்', 'அக்கா எங்கே' என்று சித்தி அடிக்கடி சொல்லும் வார்த்தைகளைத் தேவநாகரி எழுத்தில் எழுதி, எதிரே மராத்தியில் பொருளும் போட்டு, கட்டிலுக்கு மேல் ஒட்டினேன். அக்கா என்பது காலமாகிவிட்ட என் அம்மா. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ராத்திரி ஆயா என்னிடம் கேட்டாள். 'வருவா, தூங்கு' என்று அதையும் அட்டையின் கீழே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.