அனுமதி எளிதானது, பொறுப்பு இடம் மாறியது

தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுபவர்கள் 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறையில் கட்டட அனுமதி பெற முடிகிறது. பத்திரம், பட்டா, வரைபடம் ஆகியவற்றை ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றி, கட்டணத்தைச் செலுத்தினால் அனுமதி உடனே கிடைத்துவிடும். முன்கூட்டி யாரும் மனையைப் பார்வையிட வருவதில்லை. வேலை முடிந்தபின் கட்டட நிறைவுச் சான்றும் வாங்க வேண்டியதில்லை. பண்ருட்டி நகராட்சிக்குள் அடங்கிய திருவதிகை போன்ற ஊரில் எழும் தனி வீடுகள் பலவும் இந்த அளவுக்குள் வந்துவிடும்.

அருகிலுள்ள நெய்வேலி நகரியத்தில் நிலைமை வேறு. அங்கே குடியிருப்புகள் பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்எல்சி நிறுவனத்தின் உடைமை; தளத்தில் ஒழுகினாலும் தூணில் வெடிப்பு விட்டாலும் கவனிக்க வேண்டியது நிறுவனம். பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வெளியே மனை வாங்கிக் கட்டுபவர் அதுவரை நிறுவனம் சுமந்த பொறுப்பை அறுபது வயதில் முதன்முறையாகத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறார். சட்டம் அண்மைக் காலத்தில் அடைந்த மாற்றங்கள் அந்தச் சுமையைக் கூட்டியிருக்கின்றன.

மாற்றம் தொடங்கியது ஒரு பேரிழப்பிலிருந்து. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்தவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையிலான ஆணையம் விசாரித்தது. பக்கத்தில் நின்ற இரண்டாவது கோபுரத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதுவரை சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருந்த விதிகள், 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளாக ஒன்றாயின. கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் ஆகியோர் பதிவு செய்துகொண்டு, தத்தம் வேலைக்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் முறை அந்த விதிகளில் வலுப்பெற்றது.

இந்தக் கட்டுப்பாடுகளின் முழு எடையும் விழுவது பெரிய கட்டடங்களின் மீது. சிறிய வீடுகளுக்கோ விதிகள் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்தே வந்தன. நிறைவுச் சான்றிலிருந்து முதலில் மூன்று குடியிருப்புகள் வரையுள்ள வீடுகளுக்கு விலக்கு கிடைத்தது. பிறகு அது 750 சதுர மீட்டருக்கு மிகாத எட்டுக் குடியிருப்புகள் வரை நீண்டது. பிளான் பாஸாக மாதக்கணக்கில் அலைந்த மக்களுக்கு இது உண்மையான விடுதலை. குறை சொல்ல இடமில்லை. ஆனால் கையில் வரும் அனுமதிச் சீட்டு, சாலையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு பரப்பு கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கான ஒப்புதல் மட்டுமே. அடித்தளம் போதிய ஆழத்தில் இருக்கிறதா, தூணுக்குப் போதிய கம்பி போட்டார்களா என்று அரசு பார்த்ததற்கான சான்று அல்ல. வீட்டுக்காரர்கள் பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று, மீரட் நகரக் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கில், நாடு முழுவதற்குமான கட்டளைகளைப் பிறப்பித்தது. நிறைவுச் சான்றைப் பார்த்த பின்பே மின்சாரம், குடிநீர் இணைப்புகள் தர வேண்டும். வங்கிகளும் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும். அனுமதித்த வரைபடம் வேலை நடக்கும் இடத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். சிறிய வீட்டுக்கு மாநில விதியில் விலக்கு இருந்தாலும், கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது அனுமதியும் கட்டிய அளவும் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வி இனி அழுத்தமாகவே எழும். விதிமீறலைப் பிறகு பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் எவ்வளவு கொடியது என்பதைத் துருக்கி காட்டியது. அங்கே 2018இல் அனுமதியற்ற கட்டடங்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கினார்கள். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் 50,000க்கும் மேற்பட்டோர் மாண்டபோது அந்த மன்னிப்பு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

திருவதிகை வட்டாரத்தில் அஞ்ச வேண்டியவை காற்றும் மண்ணும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரையுள்ள நிலத்தைப் புயல் பகுதியாகப் பிரித்துப் பேசுகிறது. திருவதிகை அதற்குள் வருகிறது. மொட்டைமாடியில் கம்பம் நட்டுத் தகரக் கூரை போடுபவர்கள் அதைக் கட்டடமாகவே எண்ணுவதில்லை. புயலில் முதலில் பிய்த்துக்கொண்டு பறப்பதும், பக்கத்து வீட்டார் மேல் விழுவதும் அந்தத் தகரம்தான். மண்ணும் ஊருக்குள்ளேயே மாறும். கெடிலத்தின் கரையோரம் வண்டல். தெற்கே நெய்வேலி நோக்கிப் போகப் போகச் செம்மண் மேடு. ஒரு தெருவில் நாலடி ஆழம் போதுமானதாக இருந்தால், ஆற்றோர மனையில் அது போதாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்கு எவ்வளவோ அதையே போடலாம் என்று மேஸ்திரி சொல்வது அனுபவத்திலிருந்து வரும் பேச்சு. மண் பரிசோதனைக்கு அது ஈடாகாது. பரிசோதனைக்கும், கட்டமைப்புப் பொறியாளர் தரும் கம்பி வரைபடத்துக்கும் ஆகும் செலவு, மொத்தச் செலவில் சிறு பகுதியே.

பிழை நேர்ந்தால் கேட்க என்ன வழி? அடுக்குமாடி வீடு வாங்கியவருக்கு 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் துணை நிற்கிறது: வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், கட்டி விற்றவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டியவருக்கு அந்தச் சட்டம் உதவாது. அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அங்கே வழக்குத் தொடுக்கக் கெடு இரண்டு ஆண்டுகள். பிரிட்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்புத் தீ விபத்துக்குப் பின் 2022இல் வந்த சட்டம், முன்பு கட்டி முடித்த வீடுகளின் குறைகளுக்கு 30 ஆண்டுகள் வரை வழக்குத் தொடுக்க வழி செய்தது. அதனோடு ஒப்பிட்டால் இங்கே தனி வீட்டுக்காரரின் நிலை பலவீனமானது. அதனால் ஒப்பந்தக்காரரோடு எழுத்துமூலம் உடன்படிக்கை செய்வதும், கம்பி கட்டிய நிலையில் காங்கிரீட் போடுவதற்கு முன் படம் எடுத்துவைப்பதும் அவசியமாகின்றன.

மாடியை ஏற்றும்போது இதே கேள்விகள் மறுபடி வரும். பிள்ளைகளுக்கு ஒரு மாடி கட்ட வேண்டும் என்று நீட்டிவிட்ட தூண் கம்பிகள் பல வீடுகளின் மேல் துருவேறி நிற்கின்றன. புதிய தளத்துக்குப் புதிய அனுமதி வேண்டும். மொத்தப் பரப்பு 3,500 சதுர அடியைத் தாண்டினால் சுயசான்று முறை பொருந்தாது, வழக்கமான அனுமதிக்குப் போக வேண்டும். துருவேறிய கம்பி தாங்குமா, பழைய அடித்தளம் கூடுதல் சுமையை ஏற்குமா என்பதைப் பொறியாளர் கணக்கிடத் தொடக்கத்தில் போட்ட கட்டமைப்பு வரைபடம் வேண்டும். அந்த வரைபடம் பத்திரத்தோடு சேர்த்து வீட்டுக்காரரிடமே இருக்க வேண்டியது.