நூலை அறுக்காதீர்கள்

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டுத் தாலி ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 1991இல் கொடையாக அங்கே போய்ச் சேர்ந்தது. காரைக்குடிப் பக்கத்து ஆச்சி யாரிடமாவது அதன் படத்தைக் காட்டினால், பார்த்த மாத்திரத்தில் "கழுத்திரு" என்பார். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்துப் பெண், கல்யாணத்தில் தாலி கட்டும் திருப்பூட்டின்போது அணிந்து, கணவரின் அறுபதாம் கல்யாணத்தில் மறுபடி அணியும் நகை அது. இடைப்பட்ட காலத்தில் பெட்டகத்தில் கிடக்கும்.

முத்திரையோ பில்லோ இல்லாத பழைய நகை எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்திருவில் வடிவமே பாதி பதிலைச் சொல்லிவிடும். நடுவில் கோபுரம் போல எழும்பி, தெய்வ உருவம் தாங்கிய திருமாங்கல்யம். அதன் இருபுறமும் நான்கு கூர்முனைகளோடு கீழ்நோக்கி நிற்கும் ஏத்தனங்கள். அந்த முனைகளைக் கைவிரல்கள் என்பாரும் உண்டு, நான்கு வேதங்கள் என்பாரும் உண்டு. பொருள் எதுவானாலும், இத்தனை பெரிய கூர்முனை உருப்படி தமிழ்நாட்டின் மற்றத் தாலிகளில் காண அரிது. இவற்றோடு உருக்கள், குச்சி, தும்பு, துவாளை, கடைமணி என்று முப்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள் சேர்ந்தால்தான் கழுத்திரு முழுமை பெறும்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது கௌரிசங்கரம். அதிலும் தெய்வ உருவமாகச் சிவனும் பார்வதியும் இருப்பார்கள், அதுவும் நகரத்தார் வீட்டுப் பொருள்தான். ஆனால் உருத்திராட்சத்தோடு கோத்தது, ஆண்கள் அணிவது. பதக்கத்தை மட்டும் தனியே கழற்றிக் கொண்டுவந்தால் எது எதிலிருந்து வந்தது என்று தேர்ந்த கண்ணும் தடுமாறும். நூலோடு இருந்தால் சந்தேகமே வராது.

அந்த நூலும் ஒரு சான்று. மஞ்சள் பூசிய 21 இழை நூலில் நல்ல நாள் பார்த்துக் கழுத்திரு கோப்பது வழக்கம். மெட்ரோபாலிடன் நகையோ கறுப்பு நூலில் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறிய பிறகு யாரோ மறுபடி கோத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உருப்படிகளின் துளைகளையும் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அன்றாடம் அணிந்த தாலியில் விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே அணிந்ததில் அவ்வளவு தேய்மானம் இருக்க வாய்ப்பில்லை.

வயதை அறியத் தங்கத்தைவிட, துண்டுகளை இணைக்கும் பற்று நன்றாக உதவும். உருக்கிய தங்கத்துக்கு வயது தெரியாது. பாட்டியின் வளையலும் நேற்று வாங்கிய கட்டியும் ஒரே மூசையில் கலந்துவிடும். பழைய பத்தர்கள் செம்பும் வெள்ளியும் கலந்த பொடியை வைத்து ஊதிப் பற்றவைத்தார்கள். பிற்காலத்தில் பற்றில் காட்மியம் வந்தது. கடைக்காரர்கள் 'கேடிஎம்' என்று சொன்னது அதைத்தான். காட்மியம் கண்டுபிடிக்கப்பட்டதே 1817இல், நகைப்பட்டறைக்கு அது வந்தது இன்னும் வெகுகாலம் கழித்து. 18ஆம் நூற்றாண்டு நகை என்று சொல்லப்படுவதன் பற்றில் காட்மியம் தெரிந்தால், நகை பிற்காலத்தது அல்லது பின்னாளில் பழுது பார்க்கப்பட்டது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி நகையைச் சுரண்டாமலே இதைக் காட்டிவிடும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். மேலே மெருகு ஏற்றியிருந்தால் உள்ளிருக்கும் மாற்று தெரியாது. அதனால் பற்று, மேற்புறம், பின்புறம் என்று பல இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் குடும்பத்து நகை என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் பதில் கிடையாது, ஏட்டில் உண்டு. நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம், மணமக்களின் ஊரையும் கோயிலையும் நாளையும் சொல்லும். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்ததாகவே ஒவ்வொரு குடும்பமும் இருக்கும். வீட்டுப் பாத்திரங்களில் குடும்பத்தின் பெயரைக் குறிக்கும் விலாச எழுத்துகளை வெட்டிவைப்பது செட்டிநாட்டு வழக்கம். நகையின் பின்புறம் அப்படி ஏதாவது கீறல் தென்பட்டால் அதையும் அந்த ஏட்டோடு ஒப்பிடலாம்.

1930களின் பொருளாதார மந்தமும் 1942இல் பர்மாவை விட்டு வெளியேறியதும் பல குடும்பங்களின் செல்வத்தைக் கரைத்தன. பழைய கழுத்திருக்கள் விலைக்குப் போயின, உருகின, பாகம் பிரிந்தபோது துண்டாயின. எஞ்சியிருப்பதை விற்பதோ மாற்றுவதோ அவரவர் உரிமை. அதற்கு முன் கோத்த வரிசையிலேயே முன்னும் பின்னும் படம் எடுங்கள். ஒவ்வோர் உருப்படியையும் தனியே எடை போட்டுக் குறியுங்கள். வீட்டில் மூத்த ஆச்சியிடம் அது யாருக்கு, எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று கேட்டு, அந்தப் படத்தின் பின்னாலேயே எழுதிவையுங்கள்.