உப்புக் கரையும் மல்லர் வட்டமும்

புத்தளத்து மக்களுக்கு உப்பின் அருமையை எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. உப்பளப் பாத்திகளிலே கடல்நீர் வெயிலிற் காய்ந்து வெண்மணிகளாய் விளைவதையும், அவற்றை வாரிக் குன்றுகளாய்க் குவித்துக் கிடுகால் மூடி வைப்பதையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவ்வூர்ப் பிள்ளைகள். சோற்றுக்கு உப்பு, கருவாட்டுக்கு உப்பு, கண்ணேறு கழிக்கவும் உப்பு. ஆயினும், போர் தொடங்குமுன் களத்தைத் தூய்மை செய்வதற்காக உப்பைக் கைநிறைய அள்ளி வானோக்கி எறிகின்ற வீரர்களை நான் முதன்முதற் கண்டபோது எனக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

அது 2013ஆம் ஆண்டு யூலை மாதம். ரமழான் நோன்பு தொடங்கிய வாரம். யப்பானிலே தொழில் செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். "சேர், இங்கே ஒரு மல்லன் நோன்போடு களத்தில் இறங்குகிறான். எகிப்து நாட்டுப் பொடியன். கட்டாயம் பாருங்கள்" என்றான். கற்பிட்டியில் என் வீட்டு விறாந்தையிலே, மகளின் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அமர்ந்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றளவும் விடவில்லை.

சுமோ என்னும் அம்மற்போரை அறியாதார்க்கு அதன் இலக்கணத்தைச் சுருங்கக் கூறுவேன். களிமண் மேடையிலே வைக்கோற் புரிகளைப் பதித்து அமைத்த ஒரு வட்டம். அதன் குறுக்களவு 4.55 மீற்றர். பாதத்தின் அடியைத் தவிர உடலின் எப்பகுதியேனும் மண்ணைத் தொட்டால் தோல்வி. வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலும் தோல்வி. முட்டியால் குத்தலாகாது, மயிரைப் பற்றி இழுக்கலாகாது. எடைக்கு எடை என்னும் பிரிவும் இல்லை. மெலிந்தவன் தன்னினும் ஐம்பது கிலோ மிகுந்தவனோடு பொருத நேரிடும். பெரும்பாலான போர்கள் சில நொடிகளிலே முடிந்துவிடும். ஆனால் அந்நொடிகளுக்கு முன்னே நிகழும் ஆயத்தமோ நெடியது. உப்பெறிதல், குந்துதல், கண்ணோடு கண் நோக்குதல், எழுந்து மீண்டும் உப்பெடுக்கச் செல்லுதல் என அது நீளும். முற்காலத்தில் இதற்கு வரையறையே இருந்ததில்லை. 1928இல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியபோதுதான் பத்து நிமிடம் என எல்லை வகுத்தனர். இன்று மேல் வகுப்பினர்க்கு அது நான்கு நிமிடம்.

ஆண்டுக்கு ஆறு பெரும் போட்டிகள் நடைபெறுகின்றன. தையும் மேயும் செப்டெம்பரும் என மூன்று தோக்கியோவில் என்பர். தை என்றது சனவரியை. மார்ச்சில் ஒசாக்கா, யூலையில் நாகோயா, நவம்பரில் புக்குவோக்கா. ஒவ்வொன்றும் 15 நாள். நாளுக்கு ஒரு போர். எட்டு வெற்றி பெற்றவன் தரவரிசையில் ஏறுவான். எட்டுத் தோல்வி கண்டவன் இறங்குவான். உச்சியில் நிற்கும் யோக்கோசுனா ஒருவனே இறக்கப்படாதவன். அவன் தன் தகுதி குன்றியதாகக் கண்டால் களத்தை விட்டே விலகவேண்டும். மேல் வகுப்பின் போர்கள் யப்பானில் மாலை நான்கு முதல் ஆறு வரை நிகழ்வன. நமக்கு அது நண்பகல் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. லுஹர் தொழுகை முடிந்து, ஊரே வெயிலுக்கு ஒதுங்கிக் கிடக்கும் வேளை.

அந்த எகிப்தியனின் களப்பெயர் ஓசுனாராஷி. 'பெரு மணற்புயல்' என்பது பொருள். ஆபிரிக்கக் கண்டத்திலிருந்து தொழில்முறைச் சுமோவிற் புகுந்த முதல்வன் அவனே. 2012இல் அடிமட்டத்தில் தொடங்கி, 2013 யூலையில் இரண்டாம் வகுப்பை எட்டினான். சம்பளம் என்பது அவ்வகுப்பிலிருந்துதான் உண்டு. அதற்குக் கீழுள்ளோர் மூத்தவர்க்குப் பணிவிடை செய்து உண்டு உறங்கிக் கிடக்கவேண்டியதே. சம்பளம் பெறும் முதற் போட்டியே அவனுக்கு நோன்பு மாதத்தில் அமைந்தது. மல்லர் களமேறுமுன் ஓர் அகப்பை நீர் தருவர். வீரன் அதனால் வாயைக் கொப்பளித்து உமிழ்வான். நோன்பாளி வுழூச் செய்கையில் வாய் கொப்பளித்து உமிழ்வதும் அவ்வாறே அன்றோ? எங்கோ கிடந்த ஒரு சடங்கு நம் பள்ளிவாசல் நீர்த்தடாகத்தருகே வந்து நின்றதுபோல் எனக்குத் தோன்றியது. அப்போட்டியில் அவன் பத்து வென்று ஐந்து தோற்றான்.

மறு ஆண்டு யூலையும் ரமழானாகவே இருந்தது. அப்போது அவன் மேல் வகுப்பினன். ஐந்தாம் நாள் யோக்கோசுனா கக்குரியூவையும், ஆறாம் நாள் யோக்கோசுனா ஹருமாபுஜியையும் அடுத்தடுத்து வீழ்த்தினான். பட்டமில்லாத மேல் வகுப்பு வீரன் ஒருவன் யோக்கோசுனாவை வெல்வதைப் 'பொன் நட்சத்திரம்' என்பர். இரண்டு நாளில் இரண்டு பொன் நட்சத்திரம்! எங்கள் விறாந்தையிலே கூடியிருந்த மாணவர் எழுப்பிய ஆரவாரத்தில் அயல்வீட்டார் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தனர். ஆனால் போட்டி முடிவில் அவன் கணக்கு ஏழு வெற்றி, எட்டுத் தோல்வி. தரவரிசையில் இறங்கினான். "ரெண்டு யோக்கோசுனாவை வென்றவன் எப்படி சேர் தோற்றவனாவான்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அன்று அவனுக்கு நான் விடை கூறவில்லை.

அவ்வினா என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. நான் கற்பிட்டியிற் பிறந்தவன் அல்லன். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து தோணியேறி இக்கரை சேர்ந்தோருள் நானும் ஒருவன். அப்போது நான் இளம் ஆசிரியன். என் வாப்பா ஒரு கையிற் குடையும் மறுகையில் வீட்டுத் திறப்புமாக மணலில் இறங்கினார். ஓலைக் கொட்டிலிலே ஆண்டுகள் கழிந்தன. இவ்வூரார் எமக்கு இடம் தந்தனர். ஆயினும் கிணற்றடியிலும் பாடசாலை அனுமதியிலும் 'அகதி' என்னும் சொல் எம் பின்னாலே வந்துகொண்டிருந்தது. வாப்பா அத்திறப்பைத் தலையணையின் கீழ் வைத்தபடியே மௌத்தானார். வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலே தோல்வி என்னும் விதியை நான் வேடிக்கையாகப் பார்க்கக்கூடியவன் அல்லன்.

புறநானூறு கற்பிக்கும்போதெல்லாம் நான் ஒரு செய்தியை விரித்துரைப்பதுண்டு. தந்தை தித்தனோடு பகைத்துப் பிரிந்து, தன் ஊரை விட்டு வேற்றூரில் இருந்தவன் சோழர் குடிப்பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். சாத்தந்தையார் அப்போரைப் பாடினார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரோ, புற்கை உண்டும் பெருந்தோள் படைத்த அவ்வீரன்மேற் காதல் கொண்டு மூன்று பாடல்கள் செய்தார். ஊரில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கின்றனர். மற்றொரு சாரார் அன்று என்கின்றனர். அம்மையாரோ ஓடிச் சென்று, தம் வீட்டுப் பனையைச் சார்ந்து நின்று அவன் வெற்றியைக் கண்ணாரக் காண்கின்றார். மல்லன் ஒருவனுக்காக மனம் பதைக்கும் சுவைஞர் கூட்டத்துக்கு மூத்தவர் அவரே என்பேன். ஊரிழந்தவன், கூழுண்டவன், ஆயினும் களத்திற் சாயாதவன்: அவனைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புக்குக் கண் மறைக்கும் குணம் உண்டு. ஆதலின் சுமோவின் குறையையும் சொல்லவேண்டும். போரின் முடிவை முன்கூட்டியே பேசி விற்ற ஊழல் வெளிப்பட்டதால், 2011 மார்ச் போட்டியே கைவிடப்பட்டது. நம் மணற்புயலும், மல்லர்க்கு விலக்கப்பட்ட வண்டியோட்டுதலைச் செய்து, உரிமமும் இன்றி விபத்துக்குள்ளாகி 2018இற் களத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், மைசுரு நகரின் மேயர் களமேடையிற் பேசும்போது மயங்கி வீழ்ந்தார். முதலுதவி செய்ய ஓடி வந்த பெண்களை மேடையை விட்டு இறங்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். பெண்கள் அம்மண்ணை மிதிக்கலாகாது என்பது மரபாம். சங்கத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கோரினார். தாதியாகப் பணிபுரியும் என் மகள் அக்காட்சியைக் கண்டு, "வாப்பா, உயிரைக் காக்க வந்த கையையுமா விலக்குவார்கள்? இதையா நீங்கள் ஆசையாகப் பார்க்கிறீர்கள்?" என்றாள். மரபு என்ற சொல்லால் மனிதரை மண்ணிலிருந்து இறக்கிவிடலாகாது என்பதை என்னைவிட யார் அறிவார்? அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். எனினும் அடுத்த மாதப் போட்டியைப் பார்க்காதிருக்கவும் என்னால் இயலவில்லை.

பார்த்ததனாலேதான் தெருனோபுஜியின் கதை எனக்குக் கிடைத்தது. மொங்கோலிய நாட்டவரான அவர் 2015இல் முதல் வெற்றிக்கிண்ணம் வென்று, யோக்கோசுனாவுக்கு அடுத்த ஓசெக்கி என்னும் பட்டத்தை எய்தினார். பின்பு முழங்கால்கள் பழுதாயின, நீரிழிவும் சேர்ந்தது. படிப்படியாக வீழ்ந்து, 2019 மார்ச்சில் ஆறு வகுப்புகளில் ஐந்தாவதில் வந்து நின்றார். சம்பளம் இல்லை, நேற்றுத் தமக்கு ஏவல் செய்தவர்க்கும் கீழான நிலை. ஓசெக்கியாய் இருந்த ஒருவர் அத்துணை தாழ்ந்தும் களத்தை விடாது நின்றது அரியதினும் அரிது. 2020 யூலையில் மேல் வகுப்புக்கு மீண்டார். மீண்ட அப்போட்டியிலேயே கிண்ணத்தையும் வென்றார். அடுத்த ஆண்டு 73ஆவது யோக்கோசுனாவானார்.

2021இல் நான் ஓய்வு பெற்றேன். மன்னாரிலுள்ள எம் வளவைத் துப்புரவு செய்யவேண்டும் என்ற எண்ணத்தைப் பெருந்தொற்றும், அதன்பின் எரிபொருட் தட்டுப்பாடும் தள்ளிப்போட்டன. 2023 மே மாதம் ஒருவாறு சென்றேன். வீட்டின் சுவர்கள் இல்லை. கதவே இல்லாத இடத்துக்கு வாப்பாவின் திறப்பைக் கொண்டு சென்றிருந்தேன். கிணறு மட்டும் மண்மூடிக் கிடந்தது. இரண்டு கூலியாட்களை வைத்து அதனை இறைக்கத் தொடங்கினோம். மே 27ஆம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. வாப்பா வைத்த பனையொன்று வேலியோரம் நின்றது. அதிற் சாய்ந்தபடி கைபேசியைத் திறந்தேன். மீண்டும் முழங்காற் சிகிச்சைக்காகப் பல மாதம் ஒதுங்கியிருந்து களம் புகுந்த தெருனோபுஜி, அந்தப் பதினான்காம் நாளிலே தமது எட்டாவது கிண்ணத்தை உறுதிப்படுத்தினார். கிணற்றுக்குள் நின்ற ஆள், "சேர், ஊற்று வருகுது!" என்று குரல் கொடுத்தான்.

நான் மன்னாருக்குக் குடிபெயர்ந்துவிடவில்லை. என் பிள்ளைகள் பிறந்த மண் கற்பிட்டி. அவர்களை இன்னொரு முறை வட்டத்துக்கு வெளியே தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் ஆண்டுக்கிருமுறை சென்று அக்கிணற்று நீரை மொண்டு குடித்து வருகிறேன். தெருனோபுஜியும் 2025 சனவரியில் பத்துக் கிண்ணங்களோடு ஓய்வு பெற்றுவிட்டார். அன்று வினாவிய சிறுவன் இப்போது உப்பளத்தில் வேலை செய்கிறான். சென்ற போட்டியின்போது விறாந்தைக்கு வந்தவனிடம், பல ஆண்டு தாமதித்த விடையைச் சொன்னேன்: "ஏழும் எட்டும் அந்தப் பதினைந்து நாளின் கணக்கு, தம்பி. அடுத்த போட்டிக்கு எல்லாரும் மறுபடி பூச்சியத்திலிருந்துதான் தொடங்குவார்கள்." அவன் சற்று யோசித்துவிட்டு, "அதற்கும் உப்பு எறிவார்கள்தானே சேர்?" என்றான்.

எறிவார்கள்.