வடநெம்மேலி முதலைப் பண்ணை

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில்களையும், அவற்றின் அருகே விரிந்து கிடக்கும் கழியையும் கண்டபின், கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கல்பாக்கத்தையும் மாமல்லபுரத்தையும் கடந்து வடநெம்மேலி என்னும் ஊரை அடைவர். அங்கே சாலைக்கும் கடலுக்கும் இடையில், ஏறத்தாழ எட்டரை ஏக்கர் பரப்பில் ஒரு விலங்குக்காட்சிச் சாலை இருக்கிறது. சிங்கமும் யானையும் அங்கே இல்லை. முதலைகளே அங்குப் பெரும்பான்மைக் குடிகள்.

ரோமுலஸ் விட்டேக்கர், ஜாய் விட்டேக்கர் முதலியோர் 1976-இல் இதனைத் தொடங்கினர். தோலுக்காக வேட்டையாடப்பட்டு, நம் நாட்டு முதலை இனங்கள் மூன்றும் அருகிப்போயிருந்த காலம் அது. நன்னீரில் வாழும் மக்கர், கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை, நீண்ட ஒடுங்கிய மூக்கையுடைய கரியல் என்பன அம்மூன்று. குறிஞ்சிப்பாட்டிலும் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் சேர்ந்து வருகின்றன. அம்மூன்றும் இம்மூன்றே என்று சாதிக்க நான் துணியமாட்டேன். கரியல் வடநாட்டு ஆறுகளுக்கு உரியது.

முதன்முறை செல்பவர்க்குச் சிறிது ஏமாற்றம் உண்டாவது இயல்பு. கரையில் நூற்றுக்கணக்கான மக்கர் முதலைகள் மரக்கட்டைகளைப் போல வாய் திறந்து கிடக்கும். 'இவை உயிருள்ளவைதாமா?' என்று ஐயுற்றுக் கல்லெறிபவரும் உண்டு. அது அறியாமையினால் விளையும் கொடுமை. முதலைக்கு நம்மைப் போல உடலின் வெப்பத்தை உள்ளிருந்தே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்ளும். சூடு மிகுந்தால் வாயைத் திறந்து தணித்துக்கொள்ளும். ஆகவே அதற்கு உணவும் குறைவாகவே போதும்; பல வாரங்கள் உண்ணாமலும் இருக்க வல்லது.

வெப்பத்தின் ஆட்சி முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை, முட்டை புதைந்து கிடக்கும் மண்ணின் சூடே தீர்மானிக்கிறது. மக்கரின் முட்டைகள் 30 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் பெண் குஞ்சுகளே பிறக்கும்; 32 பாகைக்குச் சற்று மேற்பட்டால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகும். இவ்வுண்மையை ஆராய்ந்த அறிஞர்களுக்கு இப்பண்ணை பெருந்துணையாக இருந்தது. குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுக்கும்போது தாய் மண்ணைத் தோண்டி, அவற்றைத் தன் வாயிலே ஏந்தி நீரில் விடுகிறது. எருமையையும் வீழ்த்தும் அந்தத் தாடைகளுக்குள் அத்துணை மென்மையும் இருக்கிறது!

இனி, இப்பண்ணையின் விந்தையான இடர்ப்பாட்டைக் கூறவேண்டும். இங்குள்ள மக்கர்கள் ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிடவும் செய்தன. இனம் பெருகியது. பல மாநில வனத்துறைகளுக்கு முதலைகளும் முட்டைகளும் அனுப்பப்பட்டன. ஆனால் 1990-களின் நடுப்பகுதியில் ஆறுகளில் விடுவது நின்றுபோயிற்று. மனிதர் நெருங்கி வாழும் ஏரிக்கரைகளில் மேலும் முதலைகளை ஏற்க எவர் முன்வருவார்? காப்பாற்றப்பட்ட விலங்கு, போக்கிடம் இன்றிக் குட்டைக்குள்ளேயே நெருக்குண்டது. அண்மைக் காலத்தில் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள காப்பகத்திற்கு ஆயிரம் முதலைகளை அனுப்ப இசைவு கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் தள்ளுபடி செய்தது.

பண்ணையின் மற்றொரு பகுதியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துக் காட்டுவது வழக்கம். பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்நஞ்சு பயன்படுகிறது. 1978-இல் தோன்றிய அச்சங்கத்தைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசலாம்.

மாசி, பங்குனி மாதங்களில் நீங்கள் அங்கே சென்றால், பெண் முதலைகள் பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டி முட்டையிடும் பருவம் அது. அம்முட்டைகளைப் பொரிக்க விடாமல் அகற்றுவதும், இனம் பெருக்குவதற்கென்றே தோன்றிய அந்நிலையத்தாரின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.