“வயசானால் அப்படித்தான்!”

செஞ்சி என்றதும் நமக்குத் தேசிங்குராஜன் ஞாபகந்தான் வரும். 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் பெரும் படையை எதிர்த்து மாண்ட 22 வயதுக் காளை அவன். ஊர் ஊராக அவன் கதையைப் பாடினார்கள். வாலிபத்தின் வீரத்தைப் பாட ஆளுண்டு. எழுபதைத் தாண்டியவர்களின் தைரியத்தைப் பாட யாருமில்லை.

பொங்கல் விடுமுறையில் அந்தக் கோட்டைக்குப் போயிருந்தேன். கூட வந்தவர் என் தகப்பனார். வயது 74. அவர் வீட்டு வாசலைத் தாண்டி வந்ததே எங்களுக்கு ஓர் அதிசயம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன் என் தாயார் காலமானார். முதல் ஆறு மாதம் அப்பா நன்றாகத்தான் இருந்தார். எங்களுக்கே அவர்தான் ஆறுதல் சொன்னார். பிறகு மெல்ல மெல்ல ஒடுங்கிப் போனார். காலைப் பத்திரிகை பிரிக்காமலே கிடக்கும். சாப்பிடக் கூப்பிட்டால், “பசியில்லை” என்பார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு இருட்டில் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பேரன் பெயரை மாற்றிச் சொன்னார். மறதி நோயோ என்று பயந்து ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். “வயசானால் அப்படித்தான்” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? வீட்டில் நாங்களும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்! ஒரு வருஷம் அப்படியே கழிந்தது.

பிறகு வேறொரு டாக்டர் அரை மணி நேரம் அப்பாவிடம் தனியாகப் பேசினார். ரத்தம் சோதித்தார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி-12 வைட்டமின் குறைந்தாலும் இதே மாதிரி இருக்குமாம். அவை சரியாகவே இருந்தன. “இது மறதி நோயில்லை, மனச்சோர்வு. குணமாகும்” என்றார். முதுமையில் மனச்சோர்வு எப்போதும் கண்ணீராக வருவதில்லை. தூக்கமின்மை, பசியின்மை, உடல்வலி, மறதி என்று பல வேஷங்களில் வரும். நாம் ஏமாந்து போகிறோம்.

ஏமாறுவது எங்கள் வீடு மட்டுமல்ல. 2017-18-ல் நம் நாட்டில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானவர்களிடம் ‘லாசி’ என்ற பெரிய ஆய்வு நடந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 8 பேருக்கு மேல் கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அப்படி ஒரு நோய் இருப்பதாக டாக்டர் சொன்னார் என்றவர்களோ, 100-க்கு ஒருவர்கூட இல்லை! மற்றவர்களெல்லாம் ‘வயசானவர்கள்’ கணக்கில் போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு மருந்து கொடுத்தார்கள். அதோடு டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: “தினம் ஒருவராவது இவரைத் தேடி வரவேண்டும்.” பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் சாயங்காலம் பாடம் கேட்க வந்தார்கள். மூன்றாம் மாதம் பத்திரிகை பிரிந்தது. (டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.)

களஞ்சியத்தின் எதிரில்

யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்த கோட்டை இது. கல்யாண மகாலைப் பார்த்துவிட்டுத் தானியக் களஞ்சியத்துக்கு வந்தோம். வெகு நாளைக்குப் பிறகு அப்பாவிடமிருந்து அந்தப் பழைய வகுப்பறைக் குரல் கிளம்பியது.

“ஔரங்கசீப்போட தளபதி ஜுல்பிகர்கான் 1690-ல இந்தக் கோட்டையை வளைச்சான். உள்ளே சிவாஜியோட மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது எப்போ தெரியுமா? 1698-ல! மலையும் மதிலும் மட்டுமா காப்பாத்திச்சு? உள்ளே நெல் இருந்தது, தண்ணி இருந்தது. அதைவிட, வெளியில ஆள் இருந்தாங்கடா! சந்தாஜியும் தனாஜியும் வந்து மொகலாயனுக்குச் சோறு வர வழியை அடைச்சாங்க. 1693-ல அவன் முற்றுகையை விட்டுட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். திரும்பி வந்தான், அது வேற கதை.”

மனோதைரியம் என்றால் கருங்கல்லைப் போல் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ‘வெளியில ஆள்’ என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. அப்பா முற்றுகையில் இருந்த ஒரு வருஷமும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு மனநல டாக்டர் டிக்சன் சிபாண்டா செய்த காரியம் நினைவுக்கு வந்தது. அங்கே மனநல டாக்டர்கள் மிகச் சொற்பம். ஆகவே 2006-ல் ஹராரே நகரில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்து, வருகிறவர்களின் கவலையைக் கேட்பாள். அந்த ஊர்ப் பாஷையில் இந்த நோய்க்கு ‘அதிகமாக யோசிப்பது’ என்றே பெயராம். நம் கிராமத்துப் பெண்கள் “ஒரே யோசனையா இருக்கு” என்பதில்லையா? 2016-ல் வெளியான பரிசோதனையில், பெஞ்சில் பேசியவர்களில் ஆறு மாதம் கழித்து 100-க்கு 14 பேரிடந்தான் சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வழக்கமான வைத்தியம் பெற்றவர்களிடம் 100-க்கு 50. நம்மிடம் பெஞ்சுக்குப் பதில் திண்ணை இருந்தது. அதை இடித்துவிட்டுக் கம்பிக் கதவு போட்டுக்கொண்டோம்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை அப்பா நிதானமாக ஏறி வந்தார். “இனி நீ போ” என்றார். விட்டுப் போக மனமில்லாமல்தான் போனேன். உச்சியில் ரங்கநாதர் கோயிலையும் மணிக்கூண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, படிகளில் வேகமாக இறங்கி வந்தேன்.

அப்பா தனியாக இல்லை. அம்மனைக் கும்பிட வந்த ஒரு மூதாட்டி எதிரில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் போய் ஐந்து வருஷமாகிறதாம். “எனக்குன்னு ரெண்டு ஆடு இருக்கு ஐயா. காலையில அதுங்க கத்துனா எழுந்துதானே ஆவணும்?” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா தலையை ஆட்டினார்.

“நேரமாகிறதே, போகலாமா?” என்றேன்.

“அதுக்குள்ள என்னடா அவசரம்? மறுபடியும் ஒரு தடவை மேலே போய்ட்டு வாயேன்” என்றார் அப்பா.