தெரு ஒளிப்படக்கலையில் தானியங்கிக் குவியம்

தானியங்கிக் குவியம் என்பது ஒளிப்படக்கருவி தானாகவே வில்லையை நகர்த்திக் காட்சியின் ஒரு பகுதியைத் தெளிவாகத் தோன்றச் செய்யும் வசதியாகும். பேச்சு வழக்கில் இது ஆட்டோஃபோகஸ் எனப்படுகிறது. பொது இடங்களில் முன்னேற்பாடின்றி நிகழும் காட்சிகளைப் பதிவு செய்யும் தெரு ஒளிப்படக்கலையில், இவ்வசதியின் எந்த முறையைத் தெரிவு செய்வது என்பது முக்கியமான முடிவாகும். படத்தில் எது தெளிவாக இருக்கும், எது மங்கிப்போகும் என்பதைக் குவியமே பெரிதும் தீர்மானிப்பதால், இத்தெரிவு படம் சொல்லும் பொருளையும் மாற்றிவிடுகிறது.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றை உள்ளடக்கிய வடசென்னைக் கடற்கரைப் பகுதியில் விடியற்கால இருள், நெரிசல், புகைமூட்டம், விரைவான அசைவு ஆகிய நான்கையும் ஒருசேரக் காணலாம். எனவே இம்முறைகளின் நிறைகுறைகளை விளக்க அப்பகுதி ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

1977 ஆம் ஆண்டில் வெளிவந்த கோனிகா சி35 ஏஎஃப், பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் தானியங்கிக் குவிய ஒளிப்படக்கருவியாகும். 1985 இல் வெளியான மினோல்டா 7000, குவிய உணரியையும் இயக்கியையும் கருவியின் உடலிலேயே கொண்டிருந்தது; அதன் வெற்றிக்குப் பின் பிற நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. 2000களின் நடுப்பகுதியில் முகத்தைக் கண்டறியும் வசதி எண்ணிமக் கருவிகளில் இடம்பெறத் தொடங்கியது. இன்றைய கருவிகள் பல, கண், விலங்கு, ஊர்தி ஆகியவற்றையும் இனங்கண்டு பின்தொடர்கின்றன.

செயற்படும் விதம்

தானியங்கிக் குவியத்தில் இரண்டு அடிப்படை முறைகள் உள்ளன.

* வேறுபாடறி முறை: வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு மிகுதியாகும் இடத்தில் நிறுத்துவது. இது துல்லியமானது, ஆனால் உச்சத்தைத் தாண்டிச் சென்று திரும்ப வேண்டியிருப்பதால் பொதுவாக மெதுவானது.
* கட்டமறி முறை: வில்லையின் இரு பக்கங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு, வில்லை எத்திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை நேரடியாகக் கணிப்பது. இது விரைவானது.

இரண்டுக்கும் ஓரளவு ஒளியும் தெளிவான விளிம்புகளும் தேவை. இருட்டிலோ, புகைக்கு நடுவிலோ, வெறும் சுவரிலோ பிடிமானம் கிடைக்காதபோது வில்லை முன்னும் பின்னும் அலையும். தெருவில் அந்த அரை நொடியில் காட்சி கடந்துவிடும்.

குவிய முறைகள்

* ஒற்றைக் குவியம்: பொத்தானைப் பாதி அழுத்தியதும் குவியம் பூட்டப்படும். அசையாதவற்றுக்கு ஏற்றது.
* தொடர் குவியம்: பொத்தானை அழுத்தியிருக்கும் வரை தொலைவு மாற மாறக் குவியமும் மாறும். நெருங்கி வரும் மிதிவண்டி, இழுத்துச் செல்லப்படும் வண்டி போன்றவற்றுக்கு ஏற்றது. யாரேனும் குறுக்கே நடந்தால் குவியம் அவரிடம் தாவிவிடக்கூடும்.
* முகம், கண் கண்டறிதல்: கருவியே முகத்தைத் தேடிப் பின்தொடரும். கூட்டத்தில் எந்த முகம் என்பதைக் கருவி முடிவு செய்யும் நிலை ஏற்படலாம்.
* வலயக் குவியம்: தானியங்கியை அணைத்துவிட்டு, ஒரு தொலைவில் குவியத்தை முன்கூட்டியே நிறுத்தி, அதைச் சுற்றியுள்ள தெளிவான பகுதிக்குள் காட்சி வரும்போது படமெடுப்பது. ரிக்கோ ஜிஆர் வகைக் கருவிகளில், பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால் முன்பே குறித்த தொலைவுக்குக் குவியம் செல்லும் வசதி உண்டு.

புல ஆழமும் கணக்கும்

தெளிவாகத் தோன்றும் பகுதியின் நீளம் புல ஆழம் எனப்படும். வில்லையின் குவியத் தொலைவு குறையக் குறையவும், துளை சிறிதாகச் சிறிதாகவும் இது கூடும். 35 மி.மீ. முழுச்சட்ட உணரிக்கான தோராயமான கணக்குகள் வருமாறு:

* 50 மி.மீ. வில்லை, எஃப்/2, 3 மீட்டரில் குவியம்: 2.8 முதல் 3.2 மீட்டர் வரை தெளிவு.
* 28 மி.மீ. வில்லை, எஃப்/2.8, 2.5 மீட்டரில் குவியம்: 2 முதல் 3.4 மீட்டர் வரை தெளிவு.
* 28 மி.மீ. வில்லை, எஃப்/8, 3.3 மீட்டரில் குவியம்: ஏறத்தாழ 1.65 மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவு.

மூன்றாவதில் உள்ள 3.3 மீட்டர், அவ்வமைப்பின் மீக்குவியத் தொலைவு எனப்படும். முதல் அமைப்பில், நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நேரே நடந்து வரும் ஒருவர் தெளிவான பகுதியை ஏறத்தாழ 0.3 நொடியில் கடந்துவிடுவார். அங்கே தொடர் குவியம் இன்றியமையாதது. மூன்றாவதில் கருவி தேட வேண்டியது எதுவுமில்லை.

வடசென்னையில் தெரிவு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். விளக்கொளியில் எஃப்/8 துளையைப் பயன்படுத்தினால் ஐஎஸ்ஓ மதிப்பை மிகவும் உயர்த்த வேண்டியிருக்கும். இல்லையேல் ஷட்டர் வேகம் குறைந்து அசைவு கலங்கும். எனவே துளையை அகலத் திறந்து, ஒரே ஒரு குவியப் புள்ளியுடன் ஒற்றைக் குவியத்தைக் கொள்வது பயன்தரும். ஈரமான கரிய தரையை விட, கூடையின் விளிம்பு, சட்டையின் கோடு போன்றவற்றில் குவியம் எளிதில் பிடிபடும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு பழுதுபார்ப்பு, வலை பின்னல் ஆகிய வேலைகளைப் பகல் ஒளியில் நிதானமாகப் பதிவு செய்ய இது ஏற்ற காலம்.

கொள்கலன் சரக்குந்துகள் செல்லும் எண்ணூர் விரைவுச்சாலையில், அவற்றுக்கு அருகே மிதிவண்டியில் வரும் தொழிலாளியைத் தொடர் குவியத்தால் பின்தொடரலாம். சாலையைக் கடப்போர் குவியத்தைப் பறித்துவிடாதிருக்க, பல கருவிகளில் உள்ள பின்தொடர் உணர்திறன் அமைப்பைக் குறைத்து வைப்பது வழக்கம்.

எண்ணூர்க் கழிமுகத்தில் கேள்வி வேறு. கொசஸ்தலை ஆற்று நீரில் நின்று இருளர் மக்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பின்புலத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. கண் கண்டறிதலுடன் அகலத் திறந்த 50 மி.மீ. வில்லை, அழகிய முகப்படம் ஒன்றைத் தரும். ஆனால் புகைபோக்கிகள் உருவற்ற சாம்பல்நிறத் திட்டுகளாகிவிடும். குனிந்த தலையில் கண்ணைக் காணாத கருவி, வேலை செய்யும் கையை விட்டுக் கரையில் நிற்பவரின் முகத்தைத் தேர்ந்தெடுக்கவும் கூடும். அதே இடத்தில் 28 மி.மீ. வில்லையும் எஃப்/8 துளையும் கொண்ட வலயக் குவியம், கையையும் முகத்தையும் புகைபோக்கியையும் ஒருசேரத் தெளிவாக்கும். நிலக்கரிச் சாம்பல் கழிவாலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்துடன் பரவிய எண்ணெயாலும் பாதிக்கப்பட்ட நீர்நிலை இது. இங்கே மனிதருக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பே செய்தியாகும். பின்புலத்தை மங்கச் செய்வது அச்செய்தியை நீக்குவதாகும். மாறாக, ஒருவரது தனித்தன்மையைக் காட்டுவதே நோக்கமாயின், மங்கிய பின்புலம் துணைசெய்யும்.

கவனிக்க வேண்டியவை

* இருளில் குவியத்துக்கு உதவும் சிறு விளக்கையும், குவியம் பூட்டப்பட்டதைக் குறிக்கும் ஒலியையும் அணைத்து வைப்பது நல்லது. இவை வேலை செய்வோரின் கவனத்தைக் கலைக்கும்.
* துறைமுக வளாகங்களுக்குள் படமெடுக்க முன் அனுமதி பெற வேண்டும். மின் நிலையங்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட வளாகங்களிலும் விதிகளை அறிந்துகொள்வது தேவை.
* வலயக் குவியத்துக்குப் படமெடுப்பவர் மூன்று மீட்டர் அளவில் அருகே செல்ல வேண்டும். அத்தொலைவில் அவர் மறைந்திருக்க இயலாது. எனவே பேசி, இசைவு பெற்று எடுப்பதும் எளிதாகிறது. படமெடுக்க வேண்டாம் என்று கூறுவோரின் விருப்பத்தை மதிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* புல ஆழம்
* ஒளிப்படவியல்
* காசிமேடு மீன்பிடித் துறைமுகம்