உடம்பினுள் எரியும் அடுப்பு

மாணவ நண்பர்களே, நாம் உறங்கும்போதும் உடம்பினுள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கிறது. பிரெஞ்சு அறிஞர்களாகிய லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடற்சூட்டால் உருகிய நீரை நிறுத்துப் பார்த்தனர். சுவாசம் என்பது மெல்ல நிகழும் எரிதலே என்று 1783ஆம் ஆண்டில் அறிவித்தனர். உணவை ஆற்றலாகவும் உடலாகவும் மாற்றும் இச்செயலையே வளர்சிதை மாற்றம் என்கிறோம்.

உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரை முறையாக எரிவதற்குப் பி1 என்னும் உயிர்ச்சத்து வேண்டும். அரிசியை மிகத் தீட்டினால் அச்சத்து தவிட்டோடு போய்விடும். நெல்லை அவித்தெடுத்த புழுங்கலரிசியிலோ பெரும்பகுதி தங்கிவிடும். பருப்பிலும் வேர்க்கடலையிலும் அது உண்டு.

விறகு நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? சர்க்கரையை இரத்தத்திலிருந்து மிகுதியாக வாங்கிக்கொள்வது தசை. அதிலும் உழைக்கின்ற தசை. உண்டவுடன் புத்தகத்தின்முன் அமர்ந்துவிட்டால் சர்க்கரை இரத்தத்திலேயே அதிக நேரம் தங்கும். ஆண்டுக்கணக்கில் உழைப்பின்றி இருப்பின் நீரிழிவு நோய்க்கு வழி பிறக்கும். முன்பு முதியோரிடமே பெரிதும் கண்ட இந்நோய் இன்று இளைஞரையும் பற்றுகிறது.

ஆதலின், தேர்வு நாளாயினும் உண்டபின் கால் மணி நேரம் நடந்து வாருங்கள். அது படிப்பில் இழந்த நேரமன்று.